இருபதில் ஒரு பங்கு பஸ்

ஒரு பஸ் வண்டியை நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றிலும் இருபதில் ஒரு பங்காகச் சிறிதாக்கினால், அதன் திணிவு எத்தனை மடங்கு குறையும்? வகுப்பில் யாரிடம் கேட்டாலும் முதலில் வாயில் வருகின்ற விடை "இருபது" என்பதுதான். சரியான விடை எண்ணாயிரம். அது எப்படி என்று விளங்கிவிட்டால், ரிமோட்டால் ஓடுகின்ற ஒரு சிறு பஸ்ஸைக் கையாலேயே செய்வதற்கு வேண்டிய பௌதிகவியலில் பாதி விளங்கிவிட்டது எனலாம்.

கடந்த விடுமுறையில் நான் அப்படியான ஒரு பஸ்ஸைச் செய்தேன். "உயர்தரம் படிக்கின்ற பிள்ளைக்கு இது எதற்கு? பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டவர்கள் பலர். கேட்க வேண்டிய கேள்விதான். நமது நேரம் பெறுமதியானது. பெற்றோர் நமக்காகச் செலவிடும் பணம் அதைவிடப் பெறுமதியானது. ஆகவே அந்தப் பஸ்ஸை எப்படிச் செய்வது என்பதோடு, அதன் ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் நமது பாடத்தின் எந்தப் பகுதி இருக்கின்றது என்பதையும் இங்கே எழுதுகின்றேன்.

கம்பியில்லாக் கட்டுப்பாடு வந்த வழி

ஒரு வாகனத்தைத் தொடாமல், கம்பியும் இல்லாமல் செலுத்திக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குவயர் கார்டன் மண்டபத்தில், நீர்த்தொட்டியில் மிதந்த ஒரு சிறு படகை ரேடியோ அலைகளால் அவர் இயக்கினார். வீதி வாகனங்கள் இந்த வரிசையில் சேர நெடுங்காலம் பிடித்தது. திரான்சிற்றர் வந்து, வாங்கிக் கருவிகள் கையளவுக்குச் சிறிதான பின்னர், 1966இல் இத்தாலிய நிறுவனம் ஒன்று 1:12 அளவிடையில் ஒரு பெராரி காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1976இல் ஜப்பானின் தமியா நிறுவனம் அதே அளவிடையில் ஒரு போர்ஷே காரை, நாமே பூட்டிக்கொள்ளும் பாகங்களாக வெளியிட்டது. பெட்டியைத் திறந்து பூட்டுவதும் நல்ல பயிற்சிதான். ஆனால் பாகங்களின் அளவை நாமே தீர்மானிக்கும்போதுதான் கணக்கு நம்மைத் தேடி வருகின்றது.

நீளம், பரப்பு, கனவளவு

நமது வீதிகளில் ஓடும் பெரிய பஸ் ஒன்று ஏறத்தாழ 10 மீற்றர் நீளமும் 2.5 மீற்றர் அகலமும் கொண்டது என்று எடுத்துக்கொள்வோம். ஆட்கள் இல்லாதபோது அதன் திணிவு சுமார் 8 தொன். சில்லின் விட்டம் சுமார் 1 மீற்றர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 5.6 மீற்றர். நான் எடுத்த அளவிடை 1:20. எனவே மாதிரியின் நீளம் 50 சென்ரிமீற்றர், அகலம் 12.5 சென்ரிமீற்றர், சில்லின் விட்டம் 5 சென்ரிமீற்றர், அச்சிடைத் தூரம் 28 சென்ரிமீற்றர்.

நீளங்கள் 20 மடங்கு குறைந்தால் பரப்புகள் 20 × 20, அதாவது 400 மடங்கு குறைகின்றன. கனவளவு 20 × 20 × 20, அதாவது 8000 மடங்கு குறைகின்றது. அடர்த்தி மாறாவிட்டால் திணிவும் அப்படியே. 8000 கிலோகிராம் பஸ் 1 கிலோகிராம் ஆகிவிடும்.

ஒரு தூண் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பது அதன் குறுக்குவெட்டுப் பரப்பில் தங்கியுள்ளது. மாதிரியில் அந்தப் பரப்பு 400 மடங்குதான் குறைந்தது. சுமையோ 8000 மடங்கு குறைந்துவிட்டது. ஆகவே அதே பொருளால் செய்தால் மாதிரி, தன் சுமையோடு ஒப்பிடுகையில், 20 மடங்கு பலமானது. உருக்குச் சட்டமும் தகடும் வேண்டிய பஸ்ஸின் உடலை நான் பிறிஸ்டல் போட்டாலும் ரெஜிபோமாலும் செய்ய முடிந்தது இதனால்தான். கலிலியோ 1638இல் வெளியான தமது நூலில் இதையே விளக்கினார்: பெரிய விலங்கின் எலும்பு, சிறிய விலங்கின் எலும்பை அப்படியே பெருப்பித்ததாக இருந்தால் போதாது, நீளத்துக்கு ஏற்ற விகிதத்தைவிடத் தடிப்பாக இருக்க வேண்டும். இதை மறுபக்கமாகவும் நினைவில் வைக்க வேண்டும். மேசைமேல் அட்டைப் பாலம் உறுதியாக நின்றதென்பதற்காக ஆற்றின்மேல் அதே வடிவம் நிற்குமென்று எவரும் சொல்லிவிட முடியாது.

சில்லும் மோட்டாரும்

சில்லுகளைப் பழைய இறப்பர் சிலிப்பரிலிருந்து வட்டமாக வெட்டினேன். இறப்பருக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையிலான உராய்வு போதுமானது. முன் அச்சுகளுக்குச் சைக்கிள் ஸ்போக் கம்பி. அது சுழல்வதற்குப் பேனைக் குழாயின் சிறு துண்டு.

மோட்டார்கள் மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் உறைக்குள் பற்சில்லுகளோடு வருபவை. பாடசாலைச் செயற்றிட்டங்களில் ரோபோ செய்கின்றவர்கள் இவற்றை அறிவார்கள். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கமாகத் தேடினால் கிடைக்கும். உள்ளே இருக்கும் பற்சில்லுத் தொகுதியின் விகிதம் 48:1. மோட்டார் 48 முறை சுழன்றால் வெளி அச்சு ஒரு முறை சுழலும். கதி குறைந்த அளவுக்கு முறுக்கம் கூடுகின்றது. பற்களுக்கு இடையிலான உராய்வு அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் சாய்வில் 1 கிலோகிராம் பஸ் ஏறுவதற்கு ஏறத்தாழ 1 நியூற்றன் விசை வேண்டும். சில்லின் ஆரை 2.5 சென்ரிமீற்றர் என்பதால் தேவையான முறுக்கம் 0.025 நியூற்றன் மீற்றர். இரண்டு மோட்டார்களும் சேர்ந்து அதைத் தாராளமாகத் தருகின்றன.

இனி வேகம். உண்மையான பஸ் மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடினால், மாதிரி மணிக்கு 3 கிலோமீற்றரில் ஓட வேண்டும். சில்லின் பரிதி 15.7 சென்ரிமீற்றர். கணித்துப் பாருங்கள்: நிமிடத்துக்குச் சுமார் 318 சுழற்சி. இப்போது 1 மீற்றர் விட்டமுள்ள உண்மையான சில்லுக்கும் கணித்துப் பாருங்கள். அதே 318! தூரமும் பரிதியும் ஒரே விகிதத்தில் குறைவதால் சுழற்சி வீதம் மாறுவதில்லை. சிறியதாக்கும்போது சில கணியங்கள் 20ஆலும், சில 400ஆலும், சில 8000ஆலும் குறைய, சில கணியங்கள் அசையாமல் அப்படியே நிற்கின்றன. மாதிரி செய்வது என்பது எந்தக் கணியம் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதுதான். நமது பாடத்தின் முதல் அலகிலே படிக்கின்ற பரிமாணங்கள் இதற்குத்தான் இருக்கின்றன.

இரண்டு பின்சில்லுகளின் கதை

பஸ் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரமும் உட்பக்கச் சில்லு குறைந்த தூரமும் ஓட வேண்டும். பின் அச்சின் நடுப்புள்ளி 50 சென்ரிமீற்றர் ஆரையில் திரும்பினால், சில்லுகளுக்கு இடையே 10 சென்ரிமீற்றர் இருப்பதால், உட்சில்லின் ஆரை 45, வெளிச்சில்லின் ஆரை 55. இரண்டும் ஒரே அச்சில் இறுகியிருந்தால் ஒன்று வழுக்கியே தீரும். உண்மையான பஸ்ஸில் இதற்கென டிபரன்சியல் எனும் பற்சில்லுப் பெட்டி உண்டு.

அந்தப் பெட்டியை வீட்டில் செய்வது கடினம். ஆனால் இரண்டு மோட்டார்களைத் தொடராக இணைத்தால் மின்சுற்றே அந்த வேலையைச் செய்துவிடும். தொடர்ச் சுற்றில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாயும். மோட்டாரின் முறுக்கம் மின்னோட்டத்துக்கு விகிதசமம். ஆகவே இரு சில்லுகளுக்கும் ஒரே முறுக்கம் கிடைக்கும். கதி மட்டும் வேறுபடலாம். வளைவில் உட்சில்லு மெதுவாகும்போது அதன் பின் மின்னியக்கவிசை குறைகின்றது. அங்கே குறைந்த அழுத்த வித்தியாசம் மற்ற மோட்டாருக்குப் போய்ச் சேர, வெளிச்சில்லு வேகம் எடுக்கின்றது. குறையும் அதேதான்: ஒரு சில்லு மணலில் வழுக்கத் தொடங்கினால் அதுவே வீணாகச் சுழல, மற்றது நின்றுவிடும். சேற்றில் புதைந்த லொறியின் ஒரு சில்லு மாத்திரம் சுழல்வதைக் கண்டிருப்பீர்கள், காரணம் ஒன்றே.

தொடராக இணைத்ததற்கு ஒரு விலையும் உண்டு. மீள மின்னேற்றக்கூடிய 1.2 வோல்ற்றுக் கலங்கள் ஆறு, மொத்தம் 7.2 வோல்ற்று. ஒவ்வொரு மோட்டாருக்கும் கிடைப்பது 3.6 வோல்ற்றுத்தான். அப்போது சில்லு நிமிடத்துக்குச் சுமார் 120 முறை சுழல்கின்றது. உண்மையான பஸ்ஸுக்கு மாற்றினால் மணிக்கு 22 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. காலை எட்டு மணிக்குக் கொழும்புக்குள் நுழைகின்ற பஸ்ஸுக்கு அது மோசமான வேகமல்ல.

திருப்பும் சில்லுகள்

முன்சில்லுகள் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பலாமா? கூடாது. நான்கு சில்லுகளின் அச்சுக் கோடுகளும் ஒரே புள்ளியில் சந்தித்தால்தான் எந்தச் சில்லும் பக்கவாட்டில் உராயாது. தாஞ்சன் கணித்தால், உட்சில்லுக்கு 28/45. கோணம் சுமார் 32 பாகை. வெளிச்சில்லுக்கு 28/55, கோணம் சுமார் 27 பாகை. இந்த ஐந்து பாகை வித்தியாசத்தைத் தானாகவே தருகின்ற அமைப்புக்கு 1818இல் இலண்டனில் காப்புரிமை பெறப்பட்டது. பெற்றவர் ருடொல்ப் அக்கர்மான்; உண்மையில் அதைக் கண்டவர் மியூனிக் நகரின் வண்டி செய்பவரான லங்கன்ஸ்பேர்கர். குதிரை வண்டிக்காக வந்த அந்த அமைப்புத்தான் இன்று கார்களிலும் இருக்கின்றது.

செய்முறை இலகு. ஒவ்வொரு முன்சில்லும் திரும்பும் ஆணியிலிருந்து பின்னோக்கி ஒரு சிறு புயம் வைக்க வேண்டும். அந்தப் புயங்களைப் பின்னால் நீட்டினால் இரண்டும் பின் அச்சின் நடுவில் சந்திக்கும்படி உட்பக்கமாகச் சாய்க்க வேண்டும். புயங்களின் நுனிகளை ஒரு குறுக்குக் கம்பியால் இணைத்துவிட்டால் போதும்.

கம்பியை இடமும் வலமும் தள்ளுவது ஒரு சிறிய சர்வோ மோட்டார். அதற்கு வாங்கியிலிருந்து 20 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை ஒரு மின்துடிப்பு வருகின்றது. துடிப்பு 1.5 மில்லிசெக்கன் நீடித்தால் நடுவில் நிற்கும். 1 மில்லிசெக்கன் என்றால் ஒரு பக்கம், 2 மில்லிசெக்கன் என்றால் மறுபக்கம். சர்வோவின் அச்சோடு ஒரு மாறுந்தடையும் சேர்ந்து திரும்புகின்றது. இப்போது எங்கே நிற்கிறேன் என்பதை அது அறிவிக்க, எங்கே நிற்க வேண்டும் என்பதோடு சுற்று அதனை ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும்வரை மோட்டாரை ஓட்டுகின்றது. சர்வோவும் வாங்கியும் 7.2 வோல்ற்றை நேரடியாகத் தாங்கா. இடையில் 5 வோல்ற்றுத் தரும் சீராக்கி ஒன்று வேண்டும்.

அலையின் நீளம்

பழைய ரிமோட் கார்களுக்கு நீண்ட அன்ரெனாக் கம்பி இருந்ததையும், இன்றைய ரிமோட்டுகளில் அது காணாமற்போனதையும் கவனித்திருப்பீர்கள். பழையவற்றில் பல 27 மெகாஹேட்ஸ் மீடிறனில் இயங்கின. ஒளியின் வேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம் 11 மீற்றர். அதில் கால்வாசியே 2.8 மீற்றர். கையில் பிடிக்கும் கருவிக்கு அது முடியாது என்பதால், கம்பிச் சுருள் சேர்த்து ஒரு நீண்ட கோலைக் கொண்டு சமாளித்தார்கள். இன்றையவை 2.4 கிகாஹேட்ஸ். அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர், கால்வாசி 3 சென்ரிமீற்றர். ஒரு விரல் நீளம்கூட இல்லை.

இன்னொரு மாற்றமும் வந்துள்ளது. முன்பு ஒரே மீடிறனில் இரண்டு கார்கள் ஓடினால் ஒன்றின் கட்டளை மற்றதைக் குழப்பும். இப்போது ரிமோட்டும் வாங்கியும் முதலிலேயே ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்கின்றன. வேறு ரிமோட்டின் கட்டளையை வாங்கி பொருட்படுத்தாது. பஸ்ஸின் உடலை மாத்திரம் பால்மாத் தகரத்தால் செய்துவிடாதீர்கள். மூடிய உலோகக் கூட்டுக்குள் ரேடியோ அலை நுழைவது கடினம்.

மாதிரி ஏன் பொம்மையாகத் தெரிகின்றது?

எல்லா அளவும் சரியாக இருந்தாலும், மேட்டில் ஏறி இறங்கும்போது சிறு பஸ் பட்டென்று துள்ளும். பெரிய பஸ் ஆறுதலாக ஆடி அமரும். நாம் எதைச் சிறிதாக்கினாலும் ஒன்றைச் சிறிதாக்க முடியவில்லை: புவியீர்ப்பு ஆர்முடுகல். அது பெரியதற்கும் சிறியதற்கும் 9.8தான். ஊசலின் அலைவு காலம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம் என்று படித்திருக்கிறோம். ஆகவே மாதிரியில் ஈர்ப்பு சார்ந்த அசைவுகள் 20 மடங்கு அல்ல, 20இன் வர்க்கமூலமான சுமார் 4.5 மடங்கு விரைவாக நடக்கின்றன. கப்பல் மாதிரிகளைச் சோதிக்க 1872இல் இங்கிலாந்தின் டோர்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டி அமைத்த வில்லியம் புரூட், மாதிரியின் வேகத்தை இந்த வர்க்கமூல விதிப்படியே தீர்மானித்தார். திரைப்படங்களில் மாதிரிகளைப் பெரிதாகக் காட்ட வேண்டிய இடங்களில் கமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடிப்பதும் இதனால்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். பஸ் ஒரு பென்சிலின்மேல் ஏறி இறங்குவதைத் தொலைபேசியில் நான்கு மடங்கு மெதுவாகக் காட்டும் விதத்தில் பதிவு செய்து பாருங்கள். பிறிஸ்டல் போட் பஸ்ஸுக்குத் திடீரென்று எட்டுத் தொன் பாரம் வந்துவிடும். வேகத்தடையைக் கடந்து நிலையத்துக்குள் ஊர்ந்து வரும் பஸ்ஸைப் போலவே தோன்றும். நான் செய்த பரிசோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு சமன்பாடு உண்மை என்பதைக் கண்ணால் காண்பதற்கு ஒரு பென்சில் போதுமாக இருந்தது.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை

மின்கலங்களின் இரு முனைகளும் நேரடியாகத் தொடக்கூடாது. கலவடுக்கை ஓர் உருகியோடு இணையுங்கள். இலிதியம் கலங்கள் பலம் கூடியவை, ஆனால் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீப்பற்றக்கூடியவை. பழகும்வரை சாதாரண மீள்மின்னேற்றக் கலங்களே போதும். பற்றாசு பிடிக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள். பர்தாவின் நுனியையும் சட்டைக் கையையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கையை நன்றாகக் கழுவிய பின்னரே எதையும் சாப்பிடுங்கள். கலங்களையும் பாரத்துக்கு வைக்கும் மணல் பொதியையும் அடித்தட்டில் வையுங்கள். புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் வளைவில் பஸ் கவிழாது.

ஒரு கொப்பியில் எல்லா அளவுகளையும் எழுதிக்கொண்டே செய்யுங்கள். தியார்பக்கிர் நகரின் அர்துக்கிய அரசர்களிடம் பணிபுரிந்த இஸ்மாயீல் அல் ஜஸரி, 1206இல் முடித்த தமது நூலில் ஐம்பது பொறிகளைப் படங்களோடு விவரித்தார். "இப்படி ஒன்றைச் செய்தேன்" என்று பெருமைக்குச் சொல்லாமல், இன்னொருவர் செய்யக்கூடியவாறு பாகம் பாகமாக எழுதியதால்தான், எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அவருடைய கடிகாரங்களை மீண்டும் செய்து ஓட்ட முடிகின்றது. செய்கின்ற கையும் எழுதுகின்ற கையும் ஒன்றாக இருப்பது நமது மரபிலேயே உள்ள பழக்கம்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. ரிமோட் பஸ் பரீட்சையில் வராது. ஆனால் பரிமாணம், உராய்வு, முறுக்கம், அலைவு, மின்சுற்று, மின்காந்த அலை ஆகிய எல்லாம் வரும். அவற்றைத் தனித்தனிப் பாடங்களாக மனனம் செய்த பிள்ளைக்கு, ஒரே பொருளுக்குள் அவை சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்கும் வாய்ப்பு அரிதாகவே கிடைக்கின்றது. ஆண்பிள்ளை உடைந்த காரைக் கழற்றினால் "எஞ்சினியராக வருவான்" என்கிறோம். பெண்பிள்ளை கழற்றினால் "வைத்துவிட்டுப் போய்ப் படி" என்கிறோம். கழற்றுவதும் படிப்புத்தான். உங்கள் மகளின் மேசையில் ஒரு ஸ்குரூ டிரைவருக்கும் இடம் கொடுங்கள்.

தங்கைமாருக்கு ஒரு பயிற்சி: இதே பஸ்ஸை 1:40 அளவிடையில் செய்தால் அதன் திணிவு எவ்வளவு? மணிக்கு 60 கிலோமீற்றருக்கு ஈடான வேகத்தில் அதன் சில்லு நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்? பென்சிலின்மேல் அது ஏறுவதை எத்தனை மடங்கு மெதுவாகக் காட்ட வேண்டும்? மூன்று விடைகளையும் முதலில் கொப்பியில் எழுதுங்கள். பின்னர் செய்து, அளந்து பாருங்கள்.